ராஸ்பெர்ரி பை 4-இல் பிளேஸ்டேஷன் 1: மூன்று கேம், மூன்றும் கிராஷ்

நாலாவது_பிளேயர்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன ஒற்றை போர்டு கணினி (4 ஜிபி), அதில் பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் ரெட்ரோபை 4.8. பிளேஸ்டேஷன் 1-க்கு அதோடு வரும் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு கோர் (கன்சோலைப் போலவே இயங்கும் எமுலேட்டர்). கேம்கள் எல்லாம் யுஎஸ்பி 2.5 இன்ச் ஹார்டு டிஸ்கில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட். பவருக்கு மொபைலோடு வந்த 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர், தனியாக வாங்கிய ஒரு மீட்டர் டைப்-சி கேபிள். கான்ஃபிக் ஃபைலில் ஓவர்கிளாக் (சிபியுவை இயல்பைவிட வேகமாக ஓட்டுவது) போட்டிருக்கிறேன்: ஆர்ம் வேகம் 2000, ஓவர்வோல்டேஜ் 6.

டெக்கன் 3: நன்றாக ஓடும்போதே திரை அணைந்து பை தானாக ரீபூட் ஆகிறது. சில நேரம் ஐந்தே நிமிடத்தில், சில நேரம் அரை மணி கழித்து.

கிராஷ் டீம் ரேசிங், ஐரோப்பியப் பதிப்பு: லோகோ, மெனு எல்லாம் வருகிறது. லோடிங் திரையில் அப்படியே நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் அதே இடம். ஹாட்கீ (கேமை மூடும் பட்டன்) அழுத்தி வெளியே வர முடிகிறது.

ஃபைனல் ஃபேன்டசி 7: தேர்ந்தெடுத்தால் திரை கறுத்து இரண்டு வினாடியில் கேம் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறது. இதே ஃபைல்கள் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடுகின்றன.

பயாஸ் (கன்சோலின் பூட் மென்பொருள்) 5501 மட்டும் வைத்திருக்கிறேன். கோரை அப்டேட் செய்தும் பலனில்லை. எல்லாவற்றையும் அழித்து ரெட்ரோபையைப் புதிதாகப் போட வேண்டுமா?

ஜாய்ஸ்டிக்_மணி:

ரீ-இன்ஸ்டால் பண்ணாதீங்க. மூணையும் கிராஷ்னு ஒரே பேர்ல சொல்றீங்க, ஆனா மூணும் வேற வேற பழுது. எங்க நிக்குது, நின்ன பிறகு எது உயிரோட இருக்குன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

பை-யே ரீபூட் ஆகுதுன்னா எமுலேட்டர் மேல பழி போடவே முடியாது. அது லினக்ஸ்ல ஓடுற ஒரு சாதாரண புரோகிராம். அது செத்தா நீங்க கேம் பட்டியலுக்குத் திரும்புவீங்க, அவ்வளவுதான். மொத்த போர்டும் விழுந்து எழுந்தா பவர், இல்லேன்னா ஓவர்கிளாக். சூட்டையும் சந்தேகப்பட வேண்டாம்: பை 4 சுமார் 80 டிகிரியில தன் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், 85-ல இன்னும் இறக்கும். கேம் திக்கும், ரீபூட் ஆகாது.

எப்பவும் ஒரே இடத்துல நிக்குது, ஹாட்கீ வேலை செய்யுதுன்னா எமுலேட்டர் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற கேம் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது. அங்கே டிஸ்க் இமேஜை, அதாவது சிடியோட ஃபைல் நகலைப் பாருங்க.

ஆரம்பிக்கும் முன்னாலயே வெளியே தள்ளினா ஃபைலையே திறக்க முடியலைன்னு அர்த்தம். க்யூ ஃபைல் (டிஸ்க் டேட்டா எந்த பின் ஃபைல்ல இருக்குன்னு சொல்றது), பயாஸ், பழைய ஆட்டோ சேவ் ஸ்டேட் (ஓடுற கேமை அப்படியே உறைய வச்ச ஃபைல்), இந்த மூணுல ஒண்ணு.

பவரை முதல்ல சரி பண்ணுங்க. வோல்டேஜ் ஆடிக்கிட்டிருக்கும்போது ஹார்டு டிஸ்க் அறுந்து அறுந்து படிக்கும், மத்த ரெண்டு கேமையும் எவ்வளவு சோதிச்சாலும் முடிவு நம்புற மாதிரி இருக்காது. கான்ஃபிக் ஃபைல்ல ஆர்ம் வேகம், ஓவர்வோல்டேஜ் ரெண்டு வரிக்கும் முன்னால # போடுங்க. பிளேஸ்டேஷன் 1-ன் சிபியு 33.8688 மெகாஹெர்ட்ஸ், மெயின் ராம் 2 எம்பி. பை 4 தன்னோட இயல்பான 1.5 கிகாஹெர்ட்ஸ்லயே அதைத் தூங்கிக்கிட்டே ஓட்டும். இதுக்குப் போய் ஓவர்கிளாக் எதுக்கு?

அப்புறம் டெர்மினல்ல 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு'ன்னு அடிங்க. 0எக்ஸ்0 வந்தா பவர் சுத்தம். 0எக்ஸ்50000 வந்தா பூட் ஆன பிறகு எப்பவோ வோல்டேஜ் இறங்கியிருக்கு, வேகமும் குறைக்கப்பட்டிருக்கு. 0எக்ஸ்50005 வந்தா இந்த நிமிஷமும் அதே நிலைதான்.

வோல்ட்மீட்டர்:

மணி அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம். அந்த எண் பூட் ஆனதிலிருந்துதான் கணக்கு வைக்கும். ரீபூட் ஆன பிறகு போய்ப் பார்த்தால் எல்லாம் அழிந்து 0எக்ஸ்0 என்றே காட்டும், பவர் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். இரண்டு வழி உண்டு. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி டெர்மினல்) வழியாக உள்ளே நுழைந்து, டெக்கன் ஓடும்போதே அந்தக் கமாண்டை 'வாட்ச்' போட்டு இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஓட விடலாம். விழுவதற்கு முன் கடைசியாக வந்த எண் டெர்மினலில் நின்றுவிடும். அல்லது ரீபூட்டுக்குப் பிறகு /வார்/லாக் ஃபோல்டரில் உள்ள கெர்னல் லாகில் 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரியைத் தேடலாம். அது எஸ்டி கார்டில் எழுதப்படுவதால் ரீபூட்டில் அழியாது. டிமெசேஜ் என்று பலர் தேடுவது ராமில் இருப்பது, அது போய்விடும்.

என் கணிப்பு கேபிள். சார்ஜரில் எத்தனை ஆம்பியர் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள், வோல்டேஜைக் குடிப்பது கேபிள். பை 4 சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும், திரையின் வலது மேல் மூலையில் மின்னல் குறி வரும். மலிவான சார்ஜிங் கேபிளில் பவர் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லியது). அதன் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம், போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். பை-யும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்து 1.2 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே அரை வோல்ட் போய்விடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேர்வது 4.5 வோல்ட்தான். 2 ஆம்பியர் சார்ஜருக்குப் பதில் 10 ஆம்பியர் சார்ஜர் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ராஸ்பெர்ரியின் சொந்த சப்ளை 5.1 வோல்ட், 3 ஆம்பியர், கழற்ற முடியாத 18 கேஜ் கேபிள். அந்த 0.1 வோல்ட் கூடுதலாக வைத்திருப்பதே கேபிள் இழப்புக்காகத்தான். அதை வாங்கிவிடுங்கள், வேறு சார்ஜர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது நேர விரயம்.

ஹார்டு டிஸ்கையும் கவனியுங்கள். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வரம்பு. 2.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஒரு ஆம்பியர் வரை கேட்கக்கூடும். விளையாட்டின் நடுவில் டிஸ்க் தூங்கிப் போய், அடுத்த லோடிங்கில் எழும்போது போர்டு விழும். ஐந்து நிமிடம், அரை மணி என்று நேரம் மாறி மாறி வருவது இதோடு பொருந்துகிறது. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் போடுங்கள். இல்லையென்றால் கேம்களைப் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். பிளேஸ்டேஷன் 1 கேம்களுக்கு ஹார்டு டிஸ்க் அவசியமே இல்லை.

பேல்_பிரியன்:

கிராஷ் டீம் ரேசிங் பற்றி மட்டும் சொல்கிறேன் (பெயரிலேயே கிராஷ் இருப்பதால் கூகுளில் தேடினாலும் உருப்படியாக எதுவும் வராது).

ஐரோப்பியப் பதிப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது லிப்கிரிப்ட் பாதுகாப்பு உள்ள டிஸ்க். ஐரோப்பாவில் வந்த பல கேம்களில் இது உண்டு: மெடிஈவில், ஃபைனல் ஃபேன்டசி 8, 9, ஸ்பைரோ மூன்றாம் பாகம். அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளில் கிடையாது.

சிடியில் ஒவ்வொரு செக்டருக்கும் டேட்டாவோடு சப்சேனல் என்று ஒரு பகுதி ஓடும். அதில் க்யூ சேனல், அந்தச் செக்டர் டிஸ்கில் எந்த நிமிடம், எந்த வினாடி என்று சொல்லும். லிப்கிரிப்ட் டிஸ்கில் குறிப்பிட்ட சில செக்டர்களின் க்யூ சேனலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருப்பார்கள். எந்தெந்தச் செக்டர் கெட்டிருக்கிறது என்பதிலிருந்து கேம் 16 பிட் சாவி ஒன்றைக் கணக்கிடும். சாதாரண பின்/க்யூ இமேஜில் சப்சேனலே இருக்காது. அதனால் சாவி தப்பாகிறது, கேம் பிழைச் செய்தி எதுவும் தராமல் சும்மா நிற்கிறது. கோரை மாற்றினாலும் பயாஸை மாற்றினாலும் இது தீராது.

மருந்து ஒரு எஸ்பிஐ ஃபைல். கெட்ட செக்டர்களின் க்யூ டேட்டா மட்டும் உள்ள சின்ன ஃபைல், அரை கிலோபைட்கூட வராது. டிஸ்க் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் தளத்தில் அந்தந்த டிஸ்கின் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் டிஸ்கின் மேல் அச்சிட்ட எண்ணை வைத்துத் தேடுங்கள், கேம் பெயரை வைத்து அல்ல. ஒரே கேமுக்கு மொழிவாரியாகப் பல ஐரோப்பியப் பதிப்புகள் இருக்கும், ஒன்றின் எஸ்பிஐ மற்றொன்றுக்கு உதவாது. இறக்கியதை க்யூ ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில், கடைசி மூன்றெழுத்து தவிர அதே பெயரில் வையுங்கள். பெயரில் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் கோர் அதைக் கண்டுகொள்ளாது.

பின்னால் சிஎச்டி-யாக (சுருக்கிய டிஸ்க் இமேஜ்) மாற்றினாலும் எஸ்பிஐ-யை அழித்துவிடாதீர்கள். பின்/க்யூவில் இல்லாத சப்சேனல் சிஎச்டி-க்குள் எங்கிருந்து வரும்? இன்னொன்று: ஹேங் ஆன இடத்துக்கு முன் போட்ட சேவ் ஸ்டேட்டை எடுத்துத் தொடராதீர்கள். சாவியைச் சரிபார்த்து முடித்த நிலை அந்த ஸ்டேட்டுக்குள் உறைந்திருக்கும், எஸ்பிஐ வைத்த பிறகும் அதே இடத்தில் நிற்கலாம். கேமை முதலிலிருந்து பூட் செய்யுங்கள்.

ஜாய்ஸ்டிக்_மணி:

பேல்_பிரியன் சொன்னது கச்சிதம். நான் ஃபைனல் ஃபேன்டசிக்கு வர்றேன்.

விண்டோஸ்ல ஓடுது, பை-ல ஓடலை. இந்த ஒரு வரியே போதும், க்யூ ஃபைலைத் திறந்து பாருங்க. அது சாதாரண டெக்ஸ்ட்தான், நோட்பேடுலயே திறக்கும். முதல் வரியில மேற்கோள் குறிக்குள்ள பின் ஃபைலோட பேர் இருக்கும். அந்தப் பேரும் ஃபோல்டர்ல இருக்கிற ஃபைலோட பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. விண்டோஸ் அந்தப் பேதம் பார்க்காது. பை-ல என்டிஎஃப்எஸ் டிஸ்கை மவுன்ட் பண்ணினா லினக்ஸ் பேதம் பார்க்கும். இதே ஃபைலை எக்ஸ்ஃபேட் பென்டிரைவ்ல வச்சா ஓடிரும். அப்ப ஹார்டு டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. சில க்யூ ஃபைல்ல 'டி:' டிரைவ்ல ஆரம்பிச்சு முழு விண்டோஸ் பாதையே எழுதியிருக்கும். அதை அழிச்சுட்டு வெறும் பேரை மட்டும் விடுங்க.

அடுத்து பயாஸ். 5500 ஜப்பான், 5501 அமெரிக்கா, 5502 ஐரோப்பா. பயாஸ் ஃபோல்டர்ல, பேர் முழுக்கச் சின்ன எழுத்துல, ஒவ்வொண்ணும் சரியா 524,288 பைட். உங்க கன்சோல்ல இருந்து எடுத்தது எதுவோ அதை வைங்க. 5501-ன் எம்டி5 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) 490-ல ஆரம்பிக்கணும். பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு பயாஸ் இல்லேன்னாலும் தானே ஒரு மாற்றை வச்சு ஓட்டிரும், ஆனா அது முழுமையா இருக்காது. மெமரி கார்டுல, சில கேம்ல, அங்கங்கே இடறும். வேற கோருக்கு, உதாரணமா ஸ்வான்ஸ்டேஷனுக்கு, மாறினீங்கன்னா பயாஸ் கட்டாயம்.

மூணாவது, கேம் ஃபோல்டர்ல '.ஸ்டேட்.ஆட்டோ'ன்னு முடியுற ஃபைல் இருக்கான்னு பாருங்க. ஆட்டோ லோட் ஆன்ல இருந்தா ஒவ்வொரு தடவையும் அதைத்தான் முதல்ல எடுக்கும். கோரை அப்டேட் பண்ணியிருக்கீங்க. பழைய பதிப்பு எழுதின ஸ்டேட் புதுசுல வெடிக்கலாம். வேற ஃபோல்டருக்கு நகர்த்திட்டுப் பாருங்க.

இதுக்கும் அடங்கலைன்னா, கேம் ஆரம்பிக்கும்போது வர்ற சின்னப் பெட்டியில ஒரு பட்டனை அழுத்தி மெனுவுக்குள்ள போய் வெர்போஸ் லாகிங்கோட (விரிவான குறிப்பு எழுதுற முறை) ஓட்டுங்க. வெளியே வந்ததும் லாக் /டெவ்/எஸ்எச்எம் ஃபோல்டர்ல ரன்கமாண்ட் லாக்னு இருக்கும். கடைசி வரி எதையும் சொல்லாது. 'ஃபெயில்டு டு லோட் கன்டென்ட்'னு வர்ற இடத்துக்கு மேல இருக்கிற நாலஞ்சு வரியை இங்க ஒட்டுங்க.

ரெண்டரிங்_ராஜா:

ஒருவேளை டைனாரெக்கை (கன்சோல் கட்டளைகளைத் தொகுதியாக மொழிமாற்றி ஓட்டும் வசதி) ஆஃப் செய்து பார்த்தால்? கோர் ஆப்ஷனில் இருக்கிறது. பல கிராஷ் அதில் நின்றுவிடும் என்று படித்திருக்கிறேன்.

ஜாய்ஸ்டிக்_மணி:

ராஜா, சோதிக்க மட்டும் ஆஃப் பண்ணலாம், மருந்தா வச்சுக்கக் கூடாது. ஆஃப் பண்ணினா பிளேஸ்டேஷன் சிபியுவோட ஒவ்வொரு எம்ஐபிஎஸ் கட்டளையையும் ஒண்ணொண்ணா எடுத்து ஓட்டும், பை-ல வேகம் விழுந்துரும். ஆஃப்ல ஓடி, ஆன்ல அதே இடத்துல செத்தா அது கோரோட பிழை, அங்க போய்ச் சொல்லணும். இவரோட மூணுல ஒண்ணுகூட அந்த ஜாதி இல்லை. அதைவிட பிஎஸ்எக்ஸ் சிபியு கிளாக் மதிப்பை யாராவது ஏத்தி வச்சிருக்காங்களான்னு பார்க்கலாம், பழைய பதிப்புகள்ல டீஃபால்ட் 57. ஏத்தினா சில கேம் வழுவழுன்னு ஓடும், டைமிங்கை நம்பியிருக்கிற கேம் நட்டநடுவுல நின்னுரும்.

நாலாவது_பிளேயர்:

எல்லோருக்கும் நன்றி. கெர்னல் லாகில் அண்டர்-வோல்டேஜ் வரி வரிசையாக இருந்தது. புது சப்ளை, ஓவர்கிளாக் நீக்கம், கேம்கள் பென்டிரைவில்: டெக்கன் 3 விழவில்லை. கிராஷ் டீம் ரேசிங் எஸ்பிஐ வைத்ததும் லோடிங் தாண்டிவிட்டது. ஃபைனல் ஃபேன்டசி க்யூவில் முழு விண்டோஸ் பாதைதான் இருந்தது. திருத்தினேன், முதல் டிஸ்க் ஓடுகிறது.

இப்போது இரண்டு சந்தேகம். என் இரண்டாவது டிஸ்க் பின்/க்யூ இல்லை, ஐஎஸ்ஓ. அதில் வீடியோ வரும் இடத்தில் நிற்கிறது. மூன்று டிஸ்கையும் ஒரே பதிவாக எம்3யு (டிஸ்க் பட்டியல் ஃபைல்) ஆக்கினால் மெமரி கார்டு காலியாகக் காட்டுகிறது. சேவ் எல்லாம் போய்விட்டதா?

பேல்_பிரியன்:

ஐஎஸ்ஓ-வைத் தூக்கிப் போடுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை. சிடியின் ஒரு செக்டர் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிளேஸ்டேஷன் வீடியோவில் படச் செக்டர்களுக்கு நடுநடுவே எக்ஸ்ஏ ஒலிச் செக்டர்கள் கலந்து வரும், அவை 2324 பைட் டேட்டா கொண்டவை. எது படம், எது ஒலி, எந்தச் சேனல் என்று பிரித்துச் சொல்லும் சப்ஹெட்டரும் அந்த 2048-க்கு வெளியேதான் இருக்கிறது. அது இல்லாமல் கேம் ஒலிக்காகக் காத்து நிற்கிறது.

டிஸ்கை மறுபடி ரா முறையில் (செக்டரின் 2352 பைட்டும்) எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் ரீட் முறையில் போட்டால் இந்த வகை டிஸ்குக்குத் தானாகவே பின்/க்யூ தரும். லினக்ஸ் என்றால் சிடிஆர்டிஏஓ, அதில் ரீட்-ரா ஆப்ஷன். வரும் டாக் ஃபைலை டாக்2க்யூ கொண்டு மாற்றவும். எடுத்ததும் பின் ஃபைலின் அளவை பைட்டில் பார்த்து 2352-ஆல் வகுங்கள். மீதி வந்தால் காப்பி பாதியில் அறுந்திருக்கிறது. மீதி வராவிட்டாலும் எம்டி5-ஐ ரீடம்ப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒத்துப்போனால்தான் சிஎச்டி-மேன் புரோகிராமின் கிரியேட்சிடி கமாண்டால் சிஎச்டி ஆக்குங்கள். அதன் வெரிஃபை கமாண்டை நம்பி ஒப்பீட்டைத் தவிர்க்காதீர்கள்: சிஎச்டி தன்னளவில் சேதமில்லை என்று மட்டுமே அது சொல்லும், உள்ளே போன பின் ஃபைல் கெட்டதா நல்லதா என்பது அதற்குத் தெரியாது.

ஜாய்ஸ்டிக்_மணி:

சேவ் எங்கயும் போகலை, பேர்தான் மாறிப்போச்சு. ரெட்ரோஆர்ச் (கோர்களை ஓட்டுற புரோகிராம்) மெமரி கார்டை, நீங்க திறந்த ஃபைலோட பேர்லயே '.எஸ்ஆர்எம்'னு எழுதும். இதுவரைக்கும் டிஸ்க் 1-ன் க்யூவைத் திறந்தீங்க, இப்ப எம்3யு-வைத் திறக்கிறீங்க, அதனால புதுசா ஒரு காலி கார்டு உருவாயிருக்கு. கேமை முழுசா மூடுங்க. புதுசா வந்த காலி எஸ்ஆர்எம்-ஐ வேற இடத்துக்கு நகர்த்திட்டு, பழசை எம்3யு-வோட பேருக்கு மாத்துங்க. பழசு 131,072 பைட் இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க. பிசி எமுலேட்டர்ல இருந்து வந்த '.எம்சிஆர்' ஃபைலும் பெரும்பாலும் அதே அளவுதான், பேரை மாத்தினாலே போதும். கேம் ஓடிக்கிட்டிருக்கும்போது இதைச் செய்யாதீங்க, மூடும்போது ராம்ல இருக்கிறதை மேல எழுதிரும்.

சேவ் ஸ்டேட்டை நம்பி மூணு டிஸ்க் தாண்டாதீங்க. டிஸ்க் மாத்துற இடத்துல கேம்லயே மெமரி கார்டுல சேவ் பண்ணிட்டு, குவிக் மெனு, டிஸ்க் கன்ட்ரோல், எஜெக்ட், அடுத்த எண், இன்சர்ட்.

இன்னொண்ணு, இது டெக்கன் விழுந்தப்பவே சொல்லியிருக்கணும். கேமுக்குள்ள சேவ் பண்ணினாலும் அது உடனே கார்டு ஃபைல்ல எழுதப்படாது, கேமை ஒழுங்கா மூடும்போதுதான் எழுதும். நடுவுல பவர் போனா அத்தனை சேவும் காலி. ரெட்ரோபை-ன் கான்ஃபிக்ஸ் ஃபோல்டர்ல 'ஆல்' உள்ள இருக்கிற ரெட்ரோஆர்ச் கான்ஃபிக்ல ஆட்டோசேவ் இன்டர்வல் வரியைத் தேடி, முன்னால # இருந்தா எடுத்துட்டு 10-னு போடுங்க. பத்து வினாடிக்கு ஒரு தடவை எழுதும். மெனுவுல மாத்தினா ரெட்ரோபை வெளியே வரும்போது மறந்துரும், ஃபைல்லயே எழுதுங்க. பிளேஸ்டேஷனுக்கு மட்டும் வேணும்னா அந்தக் கன்சோலோட கான்ஃபிக்ல, இன்க்ளூட் வரிக்கு மேல. கீழ எழுதினா எடுபடாது.

வோல்ட்மீட்டர்:

அந்த ஹார்டு டிஸ்கை மறுபடி பை-யில் மாட்டுவதாக இருந்தால் ஒன்று. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் நிலையில் ஷட்டவுன் செய்து கழற்றிய என்டிஎஃப்எஸ் டிஸ்க், லினக்ஸில் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் ஆகலாம். கேம் ஓடும், சேவ் மட்டும் எழுதாது, ஆட்டோசேவ் எத்தனை வினாடி வைத்தாலும் சரி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்து, விண்டோஸிலேயே 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துக் கழற்றுங்கள்.